சிறுகடன் செயலியை வடிவமைப்பது எப்படி? ஆளுக்கோர் ஊரில் இருக்கும் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடைக்காரருக்கு 50,000 ரூபாய் கடன் கொடுக்கும் செயலியில் திரைகள் அதிகம் போனால் முப்பது இருக்கும். கைதேர்ந்த வடிவமைப்பாளர் இரண்டு வாரத்தில் அவற்றை வரைந்துவிடுவார். வேலை மாதக்கணக்கில் இழுப்பது வேறு இடத்தில்: பணம் ஒரு கணக்கை விட்டுக் கிளம்பி, இன்னொன்றைச் சேராமல் நடுவில் நிற்கும் நேரங்களில். அந்த நேரத்தில் கடைக்காரருக்கு ஒரே கேள்விதான்: "என் பணம் எங்கே?" அந்தக் கேள்விக்குத் திரை, குறுஞ்செய்தி, உதவி மையம் மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் குழுவாவது நாற்காலியைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளும். சென்னையில் இருவர், கோவையில் மூவர், நெல்லையில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர் என்று பிரிந்திருக்கும் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. பதில்கள் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம்: தமிழ்நாட்டுச் சிறு வணிகர்களுக்கு 12 மாதத் தவணைக் கடன். கடன் கொடுப்பது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற வங்கிசாரா நிதி நிறுவனம். ஸ்டார்ட்அப், அதன் சார்பில் செயலியை நடத்தும் கடன் சேவையாளர் மட்டுமே.

படி 1: பணம் போகும் பாதையை வரையுங்கள்

திரைகளை வரையும் மென்பொருளான பிக்மாவைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் கணக்குகளை மட்டும் வரையுங்கள். நிதி நிறுவனத்தின் கணக்கு ஒரு பக்கம், கடைக்காரரின் வங்கிக் கணக்கு மறுபக்கம். நடுவில் உங்கள் கணக்கு வரக்கூடாது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் (முதலில் 2022 செப்டம்பர் 2, பிறகு 2025 மே 8) இதில் தெளிவாக இருக்கின்றன: கடன் தொகை நிறுவனத்திலிருந்து நேராகக் கடனாளியின் கணக்குக்குப் போக வேண்டும், தவணையும் அப்படியே நேராகத் திரும்ப வேண்டும். சேவையாளரின் கட்டணத்தைக் கடனாளியிடம் வாங்கக்கூடாது. அதை நிறுவனமே தர வேண்டும்.

இந்த ஒரு விதி பல யோசனைகளை முதல் நாளே நீக்கிவிடும். "செயலிக்குள் ஒரு பர்ஸ் வைப்போம், கடனை அதில் போடுவோம்" என்பது போய்விடும். "தவணைகளை நாமே திரட்டி வார இறுதியில் அனுப்புவோம்" என்பதும் போய்விடும். இதைத் தாமதமாகக் கண்டுபிடிக்கும் குழு, வரைந்த திரைகளில் பாதியைத் தூக்கிப் போடும்.

படி 2: நிலைப் பட்டியல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு விரிதாளில், கடன் இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் எட்டுப் பத்திகள் (நெடுவரிசைகள்): நிலையின் எண், பெயர், இங்கே எப்படி வந்தோம், பணம் இப்போது யாரிடம், கடைக்காரர் திரையில் பார்ப்பது, அவருக்குப் போகும் குறுஞ்செய்தி, அவர் செய்யக்கூடியது, எவ்வளவு நேரத்துக்குள் அடுத்த நிலைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் போகாவிட்டால் யார் கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசிப் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கடன் தொகையை அனுப்பும் கட்டத்தை மட்டும் பார்ப்போம். பெரும்பாலான குழுக்கள் இதற்கு மூன்று நிலை வைக்கும்: அனுப்புகிறோம், சேர்ந்தது, தோல்வி. உண்மையில் ஆறு இருக்கின்றன. உத்தரவு உருவாகிவிட்டது, இன்னும் வங்கிக்குப் போகவில்லை. வங்கிக்குப் போய்விட்டது. வங்கியிலிருந்து பதில் வரவில்லை, பணம் போனதா இல்லையா என்று தெரியாது. சேர்ந்தது. மறுக்கப்பட்டது. சேர்ந்ததாகச் சொன்ன பிறகு திரும்பி வந்துவிட்டது.

மூன்றாவதும் ஆறாவதும்தான் ஆபத்தானவை. பதில் வராத நிலையைத் "தோல்வி" என்று காட்டினால், கணினி மறுபடி அனுப்பும். கடைக்காரருக்கு இரண்டு முறை பணம் போகும். தவணை கட்டும்போது இதே தவறு நடந்தால், அவர் இரண்டு முறை கட்டுவார். அதனால் இரண்டு ஏற்பாடுகள் கட்டாயம். ஒன்று, ஒவ்வொரு பண உத்தரவுக்கும் செயலியே தனித்த அடையாள எண் ஒன்றை உருவாக்க வேண்டும். அதே எண்ணோடு இரண்டாம் முறை வரும் கோரிக்கைக்கு, சர்வர் புதிதாகப் பணம் அனுப்பாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். பொத்தானை இருமுறை அழுத்துவது, நடுவில் சிக்னல் போவது, இரண்டுக்கும் இதுவே காப்பு. இரண்டு, "தெரியவில்லை" என்பதற்கென்று ஒரு திரை. அதில் சுழலும் வட்டம் போதாது. "உங்கள் வங்கியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மறுபடி கட்ட வேண்டாம். இந்தத் தேதிக்குள் தெரியும்" என்று தேதியோடு இருக்க வேண்டும்.

அந்தத் தேதியை ஊகித்து எழுத வேண்டியதில்லை. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை காலக்கெடு வைத்திருக்கிறது. ஐஎம்பிஎஸ் (வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்ற முறை) வழியாகவோ யூபிஐ வழியாகவோ ஒருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்திய யூபிஐ பணம் என்றால் 5 நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

ஆறாவது நிலைக்கு வருவோம். மூடிய கணக்குக்குப் போன பணம் திரும்பி வரும். அந்த இடைப்பட்ட நாள்களுக்கு வட்டி ஓடக்கூடாது. பணம் கைக்குப் போவதற்கு முன்பிருந்தே வட்டி கணக்கிடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறது. ஆகவே "வட்டி எப்போது தொடங்குகிறது" என்ற பத்தியையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

நிலைக்கு வைத்த எண்ணும் பெயரும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்: பிக்மா சட்டகத்தின் பெயர், நிரலில் உள்ள மாறி, உதவி மையத்தின் திரை, பயன்பாட்டை அளக்கப் பதியும் நிகழ்வு. கோவையில் இருப்பவர் "நிலை 14" என்றால் டொராண்டோவில் இருப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படக் கூடாது.

படி 3: விதிகளைத் திரைக் கட்டுப்பாடுகளாக மாற்றுங்கள்

சட்டப் பிரிவின் மின்னஞ்சலை வடிவமைப்பாளருக்கு அப்படியே முன்னனுப்பிப் பயனில்லை. ஒவ்வொரு விதியையும் "எந்தத் திரையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது" என்று ஒரே வரியில் மாற்றி எழுதுங்கள். இந்த வகைக் கடனுக்கு முக்கியமானவை இவை:

- தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவு, கோப்புகள், படங்கள் எதற்கும் அனுமதி கேட்கக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றைக் கேஒய்சிக்காக (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு) ஒருமுறை, வெளிப்படையான ஒப்புதலோடு மட்டும் கேட்கலாம். கூகுள் பிளேயின் கடன் செயலிக் கொள்கையும் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவிடாது. 60 நாளுக்குள் முழுவதும் திருப்பக் கேட்கும் தனிநபர் கடன்களுக்கும் அங்கே இடமில்லை.
- ஒப்புதலுக்கு முன், கடனின் வட்டி, கட்டணம், நிபந்தனைகளைச் சுருக்கிச் சொல்லும் முக்கிய விவர அறிக்கை. கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஏழு நாளோ அதற்கு மேலோ உள்ள கடனுக்குக் குறைந்தது மூன்று வேலைநாள் அந்த விவரங்கள் மாறாமல் செல்லுபடியாக வேண்டும். "சலுகை இன்னும் 10 நிமிடத்தில் முடியும்" என்ற கடிகாரத்துக்கு இங்கே வேலையில்லை.
- கடன் வாங்கிய பின் மனம் மாறினால் விலகக் குறைந்தது ஒரு நாள். அசலையும் அந்த நாள்களுக்கான செலவையும் கட்டினால் போதும், அபராதம் இல்லை. அறிக்கையில் முன்பே சொல்லியிருந்தால் செயலாக்கக் கட்டணத்தை மட்டும் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். இதற்கான பொத்தான் முகப்புத் திரையிலேயே இருக்கட்டும்; மூன்று அடுக்கு மெனுவுக்குள் ஒளிக்க வேண்டாம்.
- குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்ற தகவல்.
- தாமதத்துக்கு அபராதக் கட்டணம்தான் உண்டு. அதை வட்டியில் சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது.
- ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கடன்களைக் காட்டினால், பொருந்தும் எல்லாவற்றையும் ஒப்பிடக்கூடிய வகையில் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் பெரிய பச்சைப் பொத்தானாக்கி மற்றதைச் சாம்பலாக்குவது விதிமீறல்.

வசூல் நினைவூட்டல் அழைப்புகள் காலை 8 முதல் இரவு 7 மணிக்குள்தான். செயலியின் அறிவிப்புகளுக்கும் இதே நேரத்தை வையுங்கள்.

படி 4: பெயர்

தமிழ்நாட்டில் இந்தச் செயலிகள் ஆளை இழக்கும் இடங்களில் இது ஒன்று. வெளியூர் மாதிரியைப் பார்த்து வரைந்த படிவத்தில் "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டும் கட்டாயம். நம் ஊரில் பெரும்பாலோருக்கு ஒரு பெயரும் அப்பா பெயரின் முதலெழுத்தும் (இனிஷியல்)தான்.

பான் விண்ணப்பத்தில் இந்த முதலெழுத்தை ஏற்க மாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். அதனால் சு. முருகன் என்பவர் பான் அட்டையில் முருகன் சுப்பையா ஆகிவிடுவார். ஆதாரில் சு. முருகன். வங்கியில் முருகன் சு. மூன்றும் ஒரே ஆள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் மூன்றையும் மூன்று பேராக நினைத்து விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். போதாக்குறைக்குச் சுப்பையாவை ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' சேர்த்தும் எழுதுவார்கள், விட்டும் எழுதுவார்கள்.

செய்ய வேண்டியது: படிவத்தில் ஒரே பெயர்க் கட்டம், "பான் அட்டையில் உள்ளபடி" என்ற குறிப்போடு. அப்பா பெயருக்குத் தனிக் கட்டம். ஒப்பிடும்போது புள்ளிகளை நீக்குங்கள், சொற்களின் வரிசையைப் பொருட்படுத்தாதீர்கள், ஓரெழுத்துச் சொல் வந்தால் அது அப்பா பெயரின் முதல் எழுத்தா என்று பாருங்கள், உச்சரிப்பு ஒன்றாக இருந்து எழுத்து மட்டும் மாறுவதற்கு இடம் கொடுங்கள். முடிவு இரண்டாக இல்லாமல் மூன்றாக இருக்கட்டும்: பொருந்துகிறது, ஆள் பார்க்க வேண்டும், பொருந்தவில்லை. நடுவில் உள்ளவற்றை ஒரு மனிதர் பார்க்கும் வரை கடைக்காரருக்கு "நாளை மாலைக்குள் சொல்கிறோம்" என்று காட்டுங்கள். இயந்திரம் சந்தேகப்பட்டதற்காக ஒருவரை "நிராகரிக்கப்பட்டது" என்று திருப்பி அனுப்புவது அநியாயம்.

வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரை வாங்குவது வழக்கம். அந்த ஒரு ரூபாய் ஏன் வந்தது என்பதை அனுப்புவதற்கு முன்பே திரையில் சொல்லிவிடுங்கள். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் ஐந்தாவது இடம் எப்போதும் பூச்சியம். அங்கே 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் செயலியே திருத்திக்கொள்ளட்டும்.

படி 5: வட்டியைச் சொல்லும் விதம்

கடைவீதியில் வட்டி பேசுவது ஆண்டுச் சதவீதத்தில் அல்ல. "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். தண்டல் என்றால் முன்னாலேயே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் கையில் கொடுத்து, நாள்தோறும் வசூலிப்பது. உங்கள் பயனர் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர். அவருக்குப் பழக்கமில்லாதது உங்கள் சதவீதம்தான்.

எண்களைப் பாருங்கள். 50,000 ரூபாய், ஆண்டுக்கு 18 சதவீதம், குறையும் அசல் முறை (பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி), 12 மாதம். மாதத் தவணை 4,584 ரூபாய். மொத்தம் கட்டுவது 55,008, அதில் வட்டி 5,008. இனி, செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 1,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 180. கையில் வருவது 48,820தான். கைக்கு வந்த தொகையை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுச் செலவு விகிதம் ஏறத்தாழ 22.6 சதவீதம். 18 என்று பெரிய எழுத்தில் போட்டு 22.6ஐ அடியில் ஒளிப்பது ஏமாற்று. முக்கிய விவர அறிக்கையின் மேல்பகுதியில் நான்கே வரி வேண்டும்: கையில் வருவது, மாதம் கட்டுவது, மொத்தம் கட்டுவது, ஆண்டுச் செலவு விகிதம். கையில் வருவதற்குக் கீழேயே 1,180 ஏன் குறைந்தது என்று ஒரு வரி.

இந்த எண்களைக் கணக்கிடுவது நிதி நிறுவனத்தின் கடன் கணக்கு மென்பொருள் மட்டுமே; செயலி அவற்றைக் காட்டும், கணக்கிடாது. செயலியும் ஒரு சூத்திரம் வைத்திருந்தால் என்றாவது ஒரு ரூபாய் வித்தியாசம் வரும், அந்த ஒரு ரூபாய்க்காக உதவி மையத்துக்கு அழைப்பு வரும். உள்ளே எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்; தசமப் புள்ளி எண்களில் பணத்தை வைத்தால் கூட்டல் பிசகும். காட்டும்போது 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளியிடுங்கள்.

தானாகத் தவணை பிடிக்க வாங்கும் அனுமதியில் இன்னொரு கண்ணி உண்டு. தவணை 4,584ஆக இருக்கும். வங்கியின் அனுமதித் திரையோ "அதிகபட்சம் 10,000" என்று காட்டும். பயந்துபோய் அங்கேயே விட்டுவிடுவார்கள். வங்கித் திரைக்கு முந்தைய திரையில், அந்த எண் வரம்பு மட்டுமே, பிடிப்பது 4,584 என்று விளக்குங்கள். தவணை நாள் ஞாயிறு என்றால் திங்களன்றுதான் பிடிப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். வங்கிக் கணக்குகளிலிருந்து தவணைகளைத் தானாகப் பிடிக்கும் நாச் அமைப்பு 2021 ஆகஸ்ட் 1 முதல் எல்லா நாளும் இயங்குகிறது. ஞாயிறன்றும் பிடிப்பார்கள், கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கியும் கட்டணம் போடும். நினைவூட்டலை மூன்று நாள் முன்பே அனுப்புங்கள்.

படி 6: தமிழ்ச் சொற்கள், குறுஞ்செய்தி

திரை வரைந்து முடித்த பின் மொழிபெயர்க்கக் கொடுத்தால் பொத்தான்களில் எழுத்து வழியும். முதலில் தமிழில் எழுதி அதற்கு ஏற்ப வரையுங்கள். ஆங்கிலம் அந்த இடத்தில் தாராளமாக அடங்கும். 360 அலகு (ஆண்ட்ராய்டில் dp) அகலமுள்ள திரையில், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்த போனில் சோதியுங்கள். வரி உயரம் எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் குறைந்தால் மேலே உள்ள புள்ளியும் கீழே உள்ள சுழியும் வெட்டுப்படலாம்.

குறுஞ்செய்தியில் கணக்கு வேறு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீடு. 'வங்கிக்' என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. "ரூ.4,584 தவணை 05-08 அன்று வங்கிக் கணக்கில் பிடிக்கப்படும்" என்பது 57 குறியீடு, நிறுவனத்தின் பெயருக்கு 13 மிஞ்சும். "நாளை" என்று எழுதியும் இடம் மிச்சப்படுத்தலாம், ஆனால் செய்தி நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேர்ந்தால் அது பொய்யாகிவிடும். தேதியையே போடுங்கள். ஒவ்வொரு செய்தியின் வார்ப்புருவையும் (மாதிரி வாசகம்), வணிகக் குறுஞ்செய்திகளைப் பதிவதற்கான தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அனுப்ப முடியும். ஒரு சொல் மாறினாலும் மறுபடி பதிய வேண்டும். ஆகவே வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பே செய்திகளின் வாசகத்தைப் பூட்டிவிடுங்கள்.

படி 7: தொலைவில் இருந்து வேலை செய்யும் முறை

டொராண்டோவில் கோடைக்காலத்துக் காலை 9 மணி நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. அந்த ஒரு மணி நேரம்தான் எல்லோரும் விழித்திருந்து வேலையில் இருக்கும் நேரம். அதை "என்ன செய்தீர்கள்" என்று கேட்பதில் செலவழிக்காதீர்கள். முன்னரே எழுத்தில் வைத்த, முடிவெடுக்க வேண்டிய கேள்விகளை மட்டும் அங்கே எடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கேள்வி போதும்.

முடிவுப் பதிவேடு ஒன்று வையுங்கள். தேதி, கேள்வி, முடிவு, ஏன், கைவிட்ட மாற்று என்ன, பாதிக்கும் நிலை எண்கள். அரட்டையிலோ பிக்மா குறிப்பிலோ எடுத்த முடிவு, அன்றே பதிவேட்டுக்கு வராவிட்டால் முடிவல்ல என்பது விதி. இந்த விதி கெடுபிடியாகத் தோன்றும், ஆனால் "பதில் தெரியாத நிலையில் மறுபடி கட்ட விடலாமா" என்பதற்கு நெல்லையில் ஒரு பதிலும் சென்னையில் ஒரு பதிலுமாக நிரல் எழுதப்படுவதை வேறு எதுவும் தடுக்காது.

நிதி நிறுவனத்தின் விதி இணக்கப் பிரிவு உங்கள் அரட்டையில் இருக்காது, உங்கள் வேகத்திலும் நகராது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கட்டாக, நிலை எண்ணோடு திரைகளை அனுப்புங்கள். முக்கிய விவர அறிக்கையும் ஒப்புதல் வாசகமும் முதல் கட்டிலேயே போகட்டும். மாற்றம் அதிகம் வருவது அவற்றில்தான்.

மாதிரித் திரைகளில் உண்மையான ஆளின் பானோ ஆதாரோ ஒருபோதும் வேண்டாம். ஆளாளுக்கு வீட்டு மடிக்கணினியில் அவை தங்கிவிடும். முப்பது கற்பனைக் கடனாளிகள் கொண்ட தொகுப்பு ஒன்றைத் தொடக்கத்திலேயே உருவாக்குங்கள்: ஒற்றைப் பெயர்க்காரர், பெயர் பொருந்தாதவர், கணக்கு மூடியவர், இரண்டு தவணை தவறியவர். வடிவமைப்பு, நிரல், சோதனை எல்லாம் அதே முப்பது பேரை வைத்து நடக்கட்டும்.

உள்ளே இருப்போருக்கான திரையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். உதவி மைய ஊழியர் ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்துக்கு மேல் பார்க்கக் கூடாது. பணத்தைத் திருப்பி அனுப்பும் செயலை ஒருவர் தொடங்க, இன்னொருவர் ஒப்ப வேண்டும். கடைக்காரர் பார்க்கும் அதே வாசகம் ஊழியர் திரையிலும் தெரிய வேண்டும். இல்லையென்றால் அவர் தன் சொந்த விளக்கத்தைச் சொல்வார்.

படி 8: சோதனை

ஒரு சுற்றுக்கு ஐந்தாறு கடைக்காரர்கள், மூன்று சுற்று. குழுவில் யார் ஊர் அருகோ அவர் நேரில் போகட்டும், மற்றவர்கள் காணொளியில் பார்க்கட்டும். கல்லாவில் வாடிக்கையாளர் நிற்கும்போது போனை எப்படிப் பிடிக்கிறார் என்பது வீடியோ அழைப்பில் தெரியாது. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகப் "புரிஞ்சிருச்சுங்க" என்பார். "மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவீங்க?" என்று கேளுங்கள். "இது எத்தனை வட்டி?" என்று கேளுங்கள். ஆறில் இரண்டு பேர் தவறாகச் சொன்னால் திரை தவறு. ஓடிபி, யூபிஐ பின் வரும் இடங்களில் பதிவை நிறுத்திவிடுங்கள்.

தவணை கட்டும் பொத்தானை அழுத்தியதும் போனை விமானப் பயன்முறைக்கு (ஏரோபிளேன் மோடு) மாற்றுங்கள். செயலியை மூடித் திறங்கள். என்ன காட்டுகிறது? நிலைப் பட்டியலில் எழுதியதைக் காட்டாவிட்டால் வெளியிட வேண்டாம்.

படி 9: திறப்பது

முதலில் 20 பேர், பிறகு 100, பிறகு 500. ஒவ்வொரு கட்டத்திலும் தினமும் காலையில் மூன்று கணக்குகளை ஒப்பிடுங்கள்: உங்கள் செயலியின் பதிவு, நிதி நிறுவனத்தின் கடன் கணக்கு, வங்கி அறிக்கை. மூன்றிலும் ஒவ்வொரு கடனும் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வரி ஒன்று இருந்தாலும் அது எந்த நிலையில் நிற்கிறது என்று எண்ணோடு எழுதி, அந்த நிலையின் பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள். தொடர்ந்து ஏழு நாள் மூன்றும் சரியாக வரும் வரை அடுத்த கட்டத்தைத் திறக்காதீர்கள்.